மறுபடியும் ரத்தம் கொடுத்தவர்கள்

சாவித்ரிக்கு அந்த வருஷம் எல்லாமே அலுப்பாக இருந்தது. விஷ்ராந்த்வாடியில் அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் பாதி நாள் படுத்துவிடும். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது நடுவில் ஒரு திருப்பத்தில் பையைக் கீழே வைத்துச் சுவரில் சாய்ந்துகொள்வாள். மூச்சு சீராகும்வரை யாரும் படியில் வந்துவிடக் கூடாதே என்றிருக்கும். யாராவது வந்தால் செல்போனைப் பார்ப்பதுபோல் நிற்பாள். நாற்பத்தைந்து அப்படியொன்றும் முதுமையில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் கேட்பவர்களிடம் "வயசாகுதில்ல" என்று சொல்லிச் சமாளித்துவிடுவாள்.

அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் தேஹு ரோடில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து அங்கே ஆயுதக் கிடங்கு வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸிலேயே காலத்தை ஓட்டியவர். வீட்டில் தமிழ், தெருவும் பள்ளிக்கூடமும் மராத்தி. கூட்டல் கழித்தல் மட்டும் இன்றைக்கும் அவள் மனசுக்குள் மராத்தியில்தான் ஓடும். கணவன் சூர்யநாராயணனும் அதே கிடங்கில் கிளார்க். தினமும் கட்கி ஸ்டேஷனில் லோக்கல் பிடித்துப் போய்வருவார். ஒரே மகள் மீனு காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். சாவித்ரி மட்டும் எதிர்த்திசையில், எரவாடா தாண்டி, முண்டுவா பாலத்து நெரிசலில் கொஞ்ச நேரம் மாட்டி, மகர்பட்டாவில் இருக்கும் ஆபீசுக்குப் போவாள்.

அவள் வேலை என்னவென்று வீட்டில் சொல்லிப் புரியவைப்பது எப்போதுமே கஷ்டம். கல்யாணமான புதிதில் சூர்யநாராயணன் விடாமல் கேட்டதால் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்குது. அதுக்குள்ள நெறைய சின்ன கம்ப்யூட்டர் ஓடுது. நெஜ மெஷின் இல்ல, சாஃப்ட்வேர்லயே ஓடுற மெஷின். ஒவ்வொண்ணும் மொத்த இடமும் தன்னோடதுன்னு நெனச்சுக்கும். அதுங்கள நாங்க கெஸ்ட்னு சொல்வோம். எல்லாத்தையும் மேலேர்ந்து கட்டி மேய்க்கிற சாஃப்ட்வேருக்குப் பேரு ஹைப்பர்வைசர்."

"சரி. நீ என்ன பண்றே?"

"கெஸ்ட்டுக்கு மெமரி குடுக்கிற வேல. கேக்கிறத முழுசா மொதல்லயே குடுத்துட மாட்டோம். இருக்குன்னு சொல்லி வச்சிருப்போம். எப்ப தொடுதோ அப்பதான் நெஜமா குடுப்போம்."

"தொடலன்னா?"

"இல்லாமலே இருக்கும். ஆனா இருக்குன்னு நம்பிக்கிட்டிருக்கும்."

"எங்க டிப்போல ப்ரமோஷன் அப்படித்தான்," என்றார் அவர். அதற்குமேல் கேட்கவில்லை.

ஒரு கெஸ்ட் தன்னிடம் இல்லாத இடத்தைத் தொடும்போது ப்ராசஸர் அதை அந்த நொடியிலேயே நிறுத்திவிட்டு ஹைப்பர்வைசரைக் கூப்பிடும். அந்தத் தடுமாற்றத்துக்கு ஃபால்ட் என்று பெயர். ஹைப்பர்வைசர் எங்கிருந்தாவது ஒரு துண்டு மெமரியைத் தேடிக் கொடுத்து, விட்ட இடத்திலிருந்தே கெஸ்ட்டை ஓடவிட வேண்டும். நின்றோம் என்பதே கெஸ்ட்டுக்குத் தெரியக் கூடாது. கண் இமைப்பதற்குள் இப்படி ஆயிரம் நடந்துவிடும். சாவித்ரியின் உத்தியோக வாழ்க்கை முழுக்க அந்தச் சின்ன இடைவெளியிலேயே போயிருந்தது.

அவள் சேர்ந்தபோது அந்தக் குழு ஒரு தளத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. இப்போது ஜன்னலோரமாகச் சில மேஜைகள் மட்டும். நிறுவனம் வேறொரு புதிய சரக்கை விற்கத் தொடங்கிவிட்டது. பழையதை வாங்கியவர்களுக்காக மட்டும் இவர்களை வைத்திருந்தார்கள். அடுத்த வருஷம் அதுவும் மூடப்படும் என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. மானேஜர் ஹரிபிரசாத் கோயம்புத்தூர்க்காரர், அவளைவிட இளையவர், குரலை உயர்த்தாத மனிதர். கொஞ்ச நாளாகத் தனக்கே வேலை தேடிக்கொண்டிருந்தார். அது அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் ஆய்வகத்துப் புகார் வந்தது. கஸ்டமர் சப்போர்ட்டில் இருந்த ராகவேந்திரா போன் செய்தான்.

"மேம், தானோரி ரோடுல ஒரு டயக்னாஸ்டிக் லேப். நம்ம பழைய கஸ்டமர். ஒரே சர்வர், அதுல பல கெஸ்ட். திடீர் திடீர்னு ஒண்ணு செத்துப் போகுதாம்."

"எந்த கெஸ்ட்?"

"அதுதான் பிரச்சினை. ஒவ்வொரு தடவையும் வேற. ரிஜிஸ்ட்ரேஷன் ஒருநாள், பில்லிங் ஒருநாள், ரிப்போர்ட் ஒருநாள். மெசேஜ் மட்டும் ஒண்ணுதான். மெமரி தொட முடியலன்னு சொல்லுது. அட்ரஸ் ஒவ்வொரு தடவையும் வேற வேற."

"மெமரி ஸ்டிக் ஏதாவது போயிருக்கும்."

"மாத்திட்டாங்க மேம், ரெண்ட. டெஸ்ட் ஓட்டியும் பாத்துட்டாங்க. சுத்தமா இருக்குன்னு வருது. நாம ரீஸ்டார்ட் பண்ணுங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னே சொல்லிட்டிருக்கோம். அவர் கடுப்பாயிட்டார்."

அந்த அட்ரஸ்களை அனுப்பச் சொல்லிப் பார்த்தாள். பார்த்ததுமே தலையை வலித்தது. அதெல்லாம் கெஸ்ட் தன் கணக்கில் சொல்லும் விலாசங்கள். ஒரு கெஸ்ட்டின் விலாசத்துக்கும் பெரிய மெஷினில் உள்ள உண்மையான இடத்துக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. நடுவில் ஹைப்பர்வைசர் வைத்திருக்கும் அட்டவணைதான் இரண்டையும் முடிச்சுப் போடும். இறந்த கெஸ்ட்டோடு அந்த முடிச்சும் அவிழ்ந்துவிடும். செய்தியில் உண்மையான இடத்தை எழுதவேண்டும் என்று பல வருஷங்களுக்கு முன்னால் யாருக்கும் தோன்றவில்லை. எழுதவைக்க ஒரு சின்ன மாற்றம் போதும். ஆனால் நோயாளிகள் விவரம் இருப்பதால் அந்த சர்வரை வெளியிலிருந்து யாரும் தொடக் கூடாது என்று ஆய்வகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"நீங்களே ஒருக்கா போய் வந்துருங்க மேடம்," என்றார் ஹரிபிரசாத். "உங்க வீட்டுக்குப் பக்கந்தானுங்களே."

பக்கம்தான். அன்று ஆபீஸ் போகவேண்டாம் என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

காலையில் போனபோது ஆய்வகத்தின் முன்கூடம் நிறைந்திருந்தது. வெறும் வயிற்றோடு வரச்சொல்லப்பட்டவர்கள். நனைந்த குடைகள் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பாளரான ஜகதாளே அவளை உள்ளே கூட்டிப் போனார். தடித்த மனிதர், நெற்றியில் புக்கா என்னும் கறுப்புப் பொடிப் பொட்டு. சர்வர் அறை என்பது ரத்தம் எடுக்கும் அறைக்குப் பின்னால் ஒரு தடுப்பு, அவ்வளவுதான். ஏசி முனகிக்கொண்டிருந்தது.

"நான் பதில் சொல்லிச் சொல்லியே சலிச்சுட்டேன் மேடம்," என்று மராத்தியில் சொன்னார். "ஜனங்க என் மூஞ்சியத்தான் பாக்கறாங்க. உங்க சாஃப்ட்வேர் மூஞ்சிய யாரும் பாக்கறதில்ல."

சாவித்ரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டுவந்த மாற்றத்தைப் போட்டாள். இனி எந்த கெஸ்ட் விழுந்தாலும் உண்மையான இடம் எழுதப்படும். விழும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மீனு போன் செய்து அடுப்பில் பால் பொங்கிவிட்டதாகச் சொன்னாள். துடைச்சுட்டுப் போ, சாயங்காலம் பாத்துக்கறேன் என்றாள் சாவித்ரி.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. கையில் உறை, காதில் மாஸ்க் தொங்கியது.

"தமிழா மேடம்? நானும்தான். ருக்மிணி. எங்க வீடு தேஹு ரோடு பஜார் பின்னாடி."

"நான் குவார்ட்டர்ஸ்ல வளந்தவ."

"அட. எந்த ஸ்கூல்?"

ஒரே பள்ளிக்கூடம்தான், ருக்மிணி சில வருஷம் பிந்தியவள். இரண்டொரு டீச்சர் பெயர்கள் வந்து போயின. பேசிக்கொண்டே ருக்மிணி அவள் முகத்தைக் கவனித்தாள். பக்கத்தில் வந்து, கேட்காமலே கட்டைவிரலால் அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

"சுத்தமா வெளுத்திருக்குது. மூச்சு வாங்குதா?"

"படியேறினா."

"பீரியட்ஸ் ரொம்பப் போகுதா?"

சாவித்ரி தலையசைத்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

"இங்க சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க. வாங்க, ஒரு டியூப் எடுத்துடறேன். சிபிசின்னு ரத்த டெஸ்ட் ஒண்ணு பாத்துடலாம்."

கையை நீட்டினாள். ஊசி குத்தியது தெரியவேயில்லை. டியூபில் பார்கோடு ஒட்டி மற்ற டியூப்களோடு ட்ரேயில் செருகினாள் ருக்மிணி.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கூடத்தில் சத்தம் மாறியது. ஜகதாளே ஓட்டமும் நடையுமாக வந்தார். சாவித்ரியின் திரையில் செய்தி ஏற்கெனவே வந்திருந்தது. ரிஜிஸ்ட்ரேஷன் கெஸ்ட் செத்துவிட்டது. கீழே முதல் தடவையாக உண்மையான இடமும் எழுதப்பட்டிருந்தது. அவள் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். அவள் அளவில் காலைப் பொழுது நல்லபடியாக முடிந்தது.

வெளியே அப்படியில்லை. எந்த டியூப் யாருடையது என்ற பொருத்தம், டிஸ்க்கில் எழுதப்படுவதற்கு முன் கொஞ்ச நேரம் அந்த கெஸ்ட்டின் மெமரியில்தான் இருக்கும். கெஸ்ட் போனால் அதுவும் போயிற்று. பெயர் உறுதியாகத் தெரியாத ரத்தத்தைச் சோதிக்கக் கூடாது என்பது சட்டம். ருக்மிணி ட்ரேயைத் தூக்கிக் கழிவு வாளியில் கவிழ்த்தாள். பிறகு கூடத்துக்குப் போய், போகாமல் மிச்சமிருந்தவர்களைத் திரும்ப வரிசையில் நிற்கச் சொன்னாள். போய்விட்டவர்களுக்கு ஒரு பெண் போன் போட ஆரம்பித்தாள்.

ஒரு ரிக்‌ஷா டிரைவர் அப்போதுதான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்திருந்தார். இனி நாளைதான், வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்றார்கள். பாக்கெட்டை மூடுவதா தின்பதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே வெளியே போனார். ஒரு கைக்குழந்தை இருந்தது. அதற்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் தேடி எடுத்திருந்தார்கள். மறுபடியும் என்றதும் அதன் அம்மா சண்டை போடவில்லை. குழந்தையின் கையிலிருந்த பஞ்சைப் பிரித்துப் பார்த்தாள், திரும்ப ஒட்டினாள், உட்கார்ந்துவிட்டாள். சாவித்ரி தடுப்போரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பதினெட்டு இருபது வருஷ வேலையில் ஃபால்ட் என்பது திரையில் வரும் எண்தான். கெஸ்ட் சாவது என்பதும் ஒரு வரி செய்திதான். அந்த வரிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று அவள் யோசித்ததில்லை என்றில்லை, பார்த்ததில்லை.

"மேடம், உங்களுதும் போச்சு," என்றாள் ருக்மிணி. "அந்தக் கையக் காட்டுங்க."

அடுத்த கெஸ்ட் சில நாள் கழித்து விழுந்தது. இந்த முறை பில்லிங். ஜகதாளே செய்தியின் கடைசி வரியை மட்டும் படம் பிடித்து அனுப்பினார். சாவித்ரி பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கெஸ்ட் வேறு, அது சொன்ன விலாசம் வேறு. உண்மையான இடம் ஒன்றேதான்.

அப்புறம் நிரலைப் படிக்கப் படிக்க எல்லாம் விளங்கியது. வேகத்துக்காக மெமரியைச் சின்னச் சின்னத் துண்டாகக் கொடுக்காமல் பெரிய பாளமாகக் கொடுப்பது வழக்கம். அந்தப் பாளத்துக்குள் ஒரே ஒரு சின்னத் துண்டு கெட்டிருந்தது. சூடேறும்போது மட்டும் கெடும். அதனால்தான் வேலையில்லாத நேரத்தில் ஓட்டிய சோதனையில் அகப்படவில்லை. கெட்ட துண்டை கெஸ்ட் தொட்டதும் ப்ராசஸர் எச்சரித்தது. ஆனால் பெரிய பாளத்தைப் பிரித்துப் பார்க்க ஹைப்பர்வைசருக்குச் சொல்லித்தரப்படவில்லை. மொத்தமும் போயிற்று என்று முடிவுகட்டி கெஸ்ட்டையே கொன்றுவிட்டது. அதைவிட மோசம் அதற்கடுத்து நடந்தது. கெஸ்ட் செத்ததும் அந்தப் பாளத்தைக் கெட்டது என்று குறித்துவைக்காமல் பொதுக் குவியலில் திரும்பப் போட்டது. அடுத்தாற்போல் எந்த கெஸ்ட் மெமரி கேட்டதோ அதன் தலையில் அது விழுந்தது.

ராகவேந்திராவுக்குச் சந்தோஷம். "சூப்பர் மேம். எந்த ஸ்டிக்னு தெரிஞ்சிடுச்சு. அத மாத்தச் சொல்லிட்டு டிக்கெட்ட மூடிடறேன்."

மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஆய்வகத்தில் எதுவும் சாகவில்லை. அவள் ஹரிபிரசாத்திடம் போனாள்.

"நிரல்ல தப்பு அப்படியே இருக்கு. இந்த லேப்ல நின்னுது, அவ்வளவுதான். மெமரி எல்லா ஊர்லயும் கெட்டுப் போகும். நம்ம பழசு ஓடுற எடத்துலல்லாம் இதே மாதிரிதான் ஆகும்."

"புரியுதுங்க." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஆனா மெமரி பக்கம் கைவச்சா எங்க எது ஒடையும்னு யாருக்குத் தெரியும்? டெஸ்ட் பண்ற டீமே இல்ல இப்ப. ப்ராடக்டே அடுத்த வருசம் இல்ல. விட்டுரலாங்க மேடம்."

விட்டுவிட்டாள். உண்மையில் அவர் அப்படிச் சொன்னது அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பாளத்தைப் பிரிக்கும் வேலை லேசுப்பட்டதல்ல என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இதற்கிடையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. ஹீமோகுளோபின் ஏழுக்கும் கீழே. டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, இத்தனை நாள் எப்படி நடமாடினீங்க என்று கேட்டார். சூர்யநாராயணன் அருகில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"எனக்கே தெரியலங்க. அலுப்புன்னு நெனச்சேன்."

"லீவு போடு."

"லீவு போட்டா அவங்களே முழுசா அனுப்பிடுவாங்க."

அவர் அன்றிலிருந்து சாயங்காலச் சமையலைத் தான் எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது கிச்சடியும் கடலைமாவில் கிண்டும் பிட்லாவும்தான். மீனு முகத்தைச் சுளித்தாலும் சாப்பிட்டாள்.

சில வாரம் கழித்து ஜகதாளே வேறு ஏதோ சந்தேகம் கேட்கப் போன் செய்தார். பேச்சோடு பேச்சாக, கழற்றிய ஸ்டிக் தன் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கிறது, என்ன செய்வது என்றார். சாவித்ரி யோசிக்காமலே, "தூக்கிப் போட்டுடாதீங்க," என்றாள். சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கெட்ட மெமரியைச் செயற்கையாக உண்டாக்கிச் சோதிப்பது வேறு. நிஜமாகவே, அதுவும் ஒரே இடத்தில் கெடும் ஸ்டிக் கையில் கிடைப்பது வேறு. மறுநாள் ஆபீஸ் போகும் வழியில் ஆய்வகத்தில் இறங்கி வாங்கிக்கொண்டாள். மின்சாரம் போனதும் மெமரியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் ஜகதாளேவும் தடை சொல்லவில்லை.

ஹரிபிரசாத் அந்தப் பச்சைத் தகட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கடைசி அப்டேட் ஒண்ணு போகுதில்ல," என்றாள். "அதோட சேத்துடலாம். டெஸ்ட்டும் நானே பண்ணிடறேன்."

"ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"நான்தான் பண்ணேன்னு சொல்லுங்க."

"அப்படியெல்லாம் சொல்ல மாட்டேங்க," என்றார் அவர், கொஞ்சம் மனத்தாங்கலோடு. பிறகு, "உடம்பு முடியுங்களா உங்களுக்கு?" என்றார்.

"முடிஞ்ச வரைக்கும் பாக்கறேன்."

ஆபீசில் யாரும் சீந்தாத ஒரு பழைய சர்வரில் ஸ்டிக்கைப் போட்டாள். குளிர்ந்த அறையில் அது சமர்த்தாக ஓடியது. காற்று போகும் வழியில் ஒரு அட்டைப்பெட்டி மூடியைச் செருகி அடைத்தாள். சூடேறியதும் ஆய்வகத்தில் நடந்தது அப்படியே நடந்தது: கெஸ்ட் செத்தது. மறுபடி ஓடவிட்டாள், இன்னொன்று செத்தது. ஏசி பார்க்க வந்த ஆள் அட்டையைக் கண்டு பதறி எடுக்கப் போனார். இருக்கட்டும் அண்ணா, நான்தான் வச்சேன் என்று மராத்தியில் தடுத்தாள். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் போனார்.

மாற்றி எழுதுவதற்கு முழுக் குளிர்காலமும் ஆயிற்று. தினமும் மத்தியானத்துக்கு மேல் எழுத்துகள் கண்ணில் மங்கும். மாத்திரை வயிற்றைப் புரட்டும். கேன்டீனில் ஒரு மூலையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டு வருவாள். கெட்ட துண்டைத் தொட்டதும் பாளத்தைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். கெட்டதை மட்டும் தனியே ஒதுக்கி, இனி யாருக்கும் கொடுக்காதபடி குறிக்க வேண்டும். கெஸ்ட்டிடம், உன்னுடைய இந்த ஒரு துண்டு போயிற்று, அதைப் பயன்படுத்திய புரோகிராமை மட்டும் நிறுத்திக்கொள் என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். முதல் முயற்சியில் கெஸ்ட் சாகவில்லை, ஆனால் அசையவுமில்லை. கெட்ட இடத்தைத் தொடும், ஃபால்ட் ஆகும், மறுபடி முயற்சி செய் என்று ஹைப்பர்வைசர் திருப்பி அனுப்பும், அதுவும் மறுபடி தொடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு உறைந்துபோனதுபோல இருக்கும். உள்ளே ஓயாமல் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருந்தது. சாவித்ரி அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிறுத்தினாள். இதற்குச் செத்ததே மேல் என்று தோன்றியது. அந்த வாரம் முழுக்க அவள் அந்த அறைப்பக்கம் போகவில்லை.

பாளத்தைப் பிரித்த பிறகும் ப்ராசஸரின் ஒரு மூலையில் பழைய விலாசம் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். சங்கராந்தி லீவு முடிந்து வந்த பிறகு அது பிடிபட்டது. அதைச் சரிசெய்து, அட்டையைச் செருகி, உட்கார்ந்தாள். சூடேறியது. கெஸ்ட்டுக்குள் சும்மா எண்களைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன புரோகிராம் மட்டும் நின்று, தானே மறுபடி தொடங்கியது. மற்றவையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. எதுவும் நடக்கவில்லை. அவள் வேறு வேறு கெஸ்ட்டுகளை ஓடவிட்டுப் பார்த்தாள். அந்தத் துண்டு யாருக்கும் போகவில்லை. ஹரிபிரசாத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"இதுல நான் என்னத்தைங்க பாக்கணும்?"

"ஒண்ணுமே ஆகலையே, அதத்தான்."

அவர் சிரித்தார். போய் இரண்டு டீ வாங்கிவந்தார்.

கடைசி அப்டேட்டில் அது போயிற்று. எத்தனை பேர் போட்டுக்கொண்டார்கள் என்று தெரியாது. மூடப்போகும் சரக்குக்கு அப்டேட் போடுபவர்கள் குறைவு. வருஷம் முடிவதற்குள் குழுவைக் கலைத்தார்கள். ஹரிபிரசாத் கோயம்புத்தூருக்கே வேலை கிடைத்துப் போனார். சாவித்ரியை வேலையைவிட்டு அனுப்பவில்லை. செல்போனில் பணம் கட்டும் ஒரு செயலியைச் சோதிக்கும் குழுவுக்கு மாற்றினார்கள். அங்கே எல்லோரும் அவளைவிடச் சின்னவர்கள், வேகமாகப் பேசினார்கள். பட்டனின் நிறத்தைப் பற்றி வெகுநேரம் விவாதித்தார்கள். அவளுக்கு அதில் சண்டையொன்றுமில்லை. டாக்டரம்மா கர்ப்பப்பையில் இருந்த கட்டிக்குச் சின்ன அறுவை சிகிச்சை செய்தார். ரத்தம் மெதுவாக ஏறியது. அலுப்பு பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு ரத்தம் காரணமில்லை என்று தெரிந்துகொண்டாள்.

ஒருநாள் ராகவேந்திராவை கேன்டீனில் பார்த்தாள். அவனும் வேறு குழுவில்தான் இருந்தான்.

"மேம், போன வாரம் ஒரு கால் வந்துது. பழைய ப்ராடக்ட்தான், யாருக்கும் எடுக்கத் தெரியலன்னு எனக்கு அனுப்பிட்டாங்க. நாசிக் பக்கம் ஒரு மார்க்கெட் கமிட்டி. ரிப்போர்ட் பிரிண்ட் பண்ற புரோகிராம் ஒரு தடவை நின்னு திரும்ப ஓடுச்சாம். மெமரி கெட்டுருக்கு, இந்த எடம்னு மெசேஜ் வந்துருக்கு. என்னா பண்றதுன்னு கேட்டாங்க. அந்த ஸ்டிக்க மாத்துங்கன்னு சொன்னேன்."

"மாத்தினாங்களா?"

"மாத்திட்டாங்க. ரெண்டு நிமிஷக் கால்." அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். "உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன்."

அன்று சாயங்காலம் சூர்யநாராயணன் தரையில் பேப்பரை விரித்துக் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சாவித்ரி செருப்பைக் கழற்றிவிட்டு சோபாவில் சரிந்தாள். அவரிடம் சொன்னாள். நாசிக், கமிட்டி, நின்று ஓடிய புரோகிராம், இரண்டு நிமிஷக் கால். அவர் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார்.

"அப்ப அந்த ஊர்ல யாருக்கும் ஒண்ணுமே தெரியாதா?"

"தெரியாது. பிரிண்ட் கொஞ்சம் லேட்டாச்சுன்னு நெனச்சிருப்பாங்க."

"டீக் ஹை, சரி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்லதுதானே?"

"நல்லதுதான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தேங்காய் போடவா, வேர்க்கடலைப் பொடி போடவா என்று அவர் கேட்டார். எதுவாயிருந்தாலும் சரி என்றாள்.